வெந்தயம் தாளிக்காத லயம்

பசறை வழி,
மேல் டிவிசன், ஐந்தாம் லயம்.
கார்த்திகை மாதம், மழை நாள்.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

ஊவா மாகாணத்தின் மலைகளுக்கும் அவற்றில் குடியிருக்கும் எண்ணாயிரம் கோடி அட்டைகளுக்கும் ஏக சக்கரவர்த்தியும், உன் அப்பன் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்து அந்தத் தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டவனுமாகிய உன் சித்தப்பா கந்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சுகம் கேட்பது பேராசை. அங்கே நீ வேளைக்குத் தின்று வேளைக்குத் தூங்கி, ஜோர்தான் வெயிலில் கருகிப்போகாமல் இருக்கக் கதிர்காமத்தான் பார்த்துக்கொள்ளட்டும்.

தினம் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போன் இப்போது என்னுடையது இல்லை தாயி, அது உன் மகளின் அரசாங்கச் சொத்து. உன் முகம் தெரிந்ததும் தனுஷிகா பிடுங்கிக்கொள்கிறாள், பின்னால் நின்று தலையாட்டும் பூம்பூம் மாடு நான். அவள் காதில் விழக்கூடாத பேச்சு கொஞ்சம் இருக்கிறது. மேல் லயத்து முத்தையா மகள் லீவு முடிந்து உன் கம்பனிக்கே திரும்புகிறாள், அவள் பெட்டியில் வைத்து இதை அனுப்புகிறேன். தையல் மெசினில் உட்கார்ந்துகொண்டு வாசிக்காதே, ஊசி விரலில் ஏறிவிடும். சாப்பிட்டுவிட்டு வாசி. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா சித்தப்பா, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்று நீ கேட்டாய், நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

முதலில் மழையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது கோபித்துக்கொள்ளும். நமுனுகுல மலையில் பாதி கரைந்து கடலுக்குப் போய்விட்டது, மீதிப் பாதி நம் வாசலில் சேறாகக் கிடக்கிறது. அட்டைகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கின்றனவாம், தொரை அவற்றுக்கு அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போட்டுத் திருப்பி அனுப்பினதாகக் கேள்வி. உன் சித்தி ரெங்கம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, வாய் மட்டும் வீங்காமல் நன்றாக வேலை செய்கிறது. எனக்குக் கண் மங்கல். இந்த எழுத்தெல்லாம் மேலும் கீழுமாகப் போவதற்கு அதுதான் காரணம், நான் குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. குடிக்கவும் தெம்பில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன் தலைப்பிள்ளை பிறந்தபோது எப்படி மணத்தான் என்பது உனக்கு மறந்திருக்காது. வெந்தயமும் கருகின சீனியும் சேர்ந்த வாசம். நீ பிள்ளை பெற்றவள், தினமும் வெந்தயக் களி தின்றாய், ஆகவே பிள்ளை களியாக மணக்கிறது, பால் நன்றாக இறங்குகிறது என்று லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து மோந்து மோந்து சிரித்துவிட்டுப் போனார்கள். தொட்டில் கட்டிப் பெயர் வைப்பதற்குள் அவன் போய்விட்டான். என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு தனுஷிகா பிறந்தாள், அவளும் அப்படியே மணத்தாள், அந்த முறை பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா பிள்ளையின் ஈரத் துணியை மூக்கில் வைத்தவள் முகம் மாறிக் கொழும்புக்குப் போன் எடுத்தாள். அந்த நோயின் பெயரைப் பதுளை ஸ்டேசனில் சொல்லத் தொடங்கினால் ரயில் தெமோதரைக்குப் போய்ச் சேரும்போதுதான் சொல்லி முடிக்கலாம். லட்சத்தில் ஒன்றுக்கு வருவதாம். தயாபரன் மாப்பிள்ளையிடம் பாதி, உன்னிடம் பாதி ஒளிந்துகொண்டிருந்து பிள்ளையில் ஒன்றாகச் சேர்ந்ததாம், யார் குற்றமும் இல்லை என்று டொக்டரம்மா அடித்துச் சொன்னாள். மாப்பிள்ளைதான் அதைக் கேட்காமல் கொழும்பிலேயே தங்கிவிட்டார், அது கிடக்கட்டும். பருப்பு, பால், முட்டை, மீன், எது நமக்குச் சத்தோ அது அவளுக்கு நஞ்சு, செரிக்காமல் இரத்தத்தில் நின்று மூளைக்கு ஏறும். காய்ச்சல் கண்டாலும் வயிறு காய்ந்தாலும் அதே நஞ்சு தானாக ஏறும். அளந்த சோறு, மரக்கறி, அதோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டிய டின் மாவு. அந்த மாவு இங்கே கிடைக்காமல் போன மாதத்தில்தானே நீ பாஸ்போட் எடுத்தாய்.

நீ போன பிறகு இந்த லயத்தில் நடந்த ஒரு காரியத்தை நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. பிள்ளைக்குள் நஞ்சு ஏறுகிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், பதில் வர நாளாகும். அதற்கு முன்னால் காட்டிக்கொடுப்பது அந்த வாசம்தான். ஆகவே தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து பதம் வந்ததை மூக்காலேயே சொன்ன, இங்கிலாந்து மகாராணி இரவல் கேட்டும் கொடுக்காத என் மூக்குக்கு வேலை வந்தது. விடிந்ததும் பிள்ளையின் மூத்திரச் சட்டியை ரெங்கம்மா என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். உலகத்தில் எந்த ராஜாவுக்கும் கிடைக்காத உபசாரம். அதற்காக மூக்குப்பொடியை விட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தினோம். லயத்தில் காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவில் சுவர் பாதிதான், மேலே கூரை எல்லாருக்கும் ஒன்று. ஒரு வீட்டில் தாளித்தால் பன்னிரண்டு வீடும் தும்மும். ஒருநாள் நான் வாசல் வாசலாகப் போய் அரச கட்டளை போட்டேன், இன்று முதல் ஐந்தாம் லயத்தில் வெந்தயத்துக்கு நாடு கடத்தல் என்று. சிரித்தார்கள். ஆனால் மகள், பன்னிரண்டு வீடும் வெந்தயம் போடுவதை விட்டுவிட்டது. மீன் குழம்பு வெந்தயம் இல்லாமல் என்ன ருசி இருக்கும், சொல். ஒருவர் வாய் திறக்கவில்லை. இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் வராது.

இந்த ஐப்பசியில் பக்கத்துக் காம்பிரா விஜயலெட்சுமிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, சுகம். அவள் மாமியார் களி கிண்ட அடுப்பு மூட்டினால் இந்தப் பெண் வேண்டாம் என்று மறிக்கிறாள். எனக்குக் களி வேணாம், பக்கத்துல தனு இருக்கா, மாமா எப்புடி மோந்து பார்ப்பாரு என்கிறாள். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரெங்கம்மாதான் போய்ச் சத்தம் போட்டாள், அடி போடி கூறுகெட்டவளே, பச்ச ஒடம்புக்காரி களி திங்காம புள்ளைக்குப் பாலு எங்கேருந்து வரும், குழாயிலேருந்தா என்று. நானும் வாசலில் நின்று, வெந்தயத்துக்குப் பொது மன்னிப்பு வழங்கப்படுகிறது என்று அறிவித்தேன். செய்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் பாலை நிறுத்த முடியுமா?

களி கொதித்தது. லயம் முழுக்க அந்த வாசம். அதே வாரம் தனுவுக்குத் தடிமன், இலேசாக உடம்பு சூடு. மாவுப் பாலைப் பாதி குடித்துவிட்டு வைத்தாள். ரெங்கம்மா சட்டியை நீட்டினாள், மோந்தேன், வெந்தயம் மணத்தது. பக்கத்து வீட்டுக் களி என்றேன். அவளும் குனிந்து மோந்துவிட்டு, ஆமாங்க, களிதான் என்றாள். அடுத்த நாளும் அப்படியே மணத்தது, அப்படியே சொன்னோம். மூன்றாம் நாள் காலையில், பெரட்டுக்குத் தப்பு அடித்துச் சனம் மலைக்குப் போன பிறகு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள். அழுக்குத் தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில் இடப் பக்கம் சாய்ந்து விழுந்தாள், எழும்பி வலப் பக்கம் விழுந்தாள். எதிரே நின்ற பொடியன்கள், ஏய் தனு கசிப்பு குடிச்சிருக்காடா என்று கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று முகம் அப்படியே வெறித்துப் போனது. அப்போதுதான் விஜயலெட்சுமி கைப்பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். ரெங்கம்மா பதறிக்கொண்டு, எல்லாம் இந்தக் களி வாசத்துல ஒண்ணும் வெளங்கலடி என்றாள். விஜயலெட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். மாமா, எனக்கு வயிறு சரியில்லைன்னு முந்தாநாளே களிய நிறுத்திட்டாங்களே, எங்க வூட்ல வெந்தயமே இல்லையே மாமா என்றாள்.

அந்த நிமிஷத்தைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

பஸ் போய்விட்டிருந்தது. பசறை ஜஸீலின் ஆட்டோ, எல்லவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றப் போகிற வழியில் சந்தியில் நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடி வருவதைக் கண்டதும் அவன் கேள்வியே கேட்கவில்லை. ஏறுங்கண்ணே, வெள்ளைக்காரன் நிக்கட்டும், அவன் பார்க்க வந்த மலை எங்கயும் ஓடிறாது என்றான். பசறையிலிருந்து பதுளை வரைக்கும் ஆயிரம் வளைவு என்று நான் சொல்லித் திரிவேன் அல்லவா, அன்றைக்கு ஒரு வளைவும் கண்ணில் படவில்லை. ரெங்கம்மா சீனித் தண்ணியைக் கரண்டியால் பிள்ளையின் வாயில் விட, அது கடைவாயால் வழிந்தது. தனு, தனு என்று கன்னத்தைத் தட்டினேன். கண் திறந்திருந்தது, ஆனால் அதில் அவள் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாருக்கும் தெரியும், வாசலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். சேலைன் ஏற்றினார்கள், கொழும்புப் பெரிய டொக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டு என்னென்னவோ கொடுத்தார்கள். நீ போன் எடுத்தபோது, தனு மகாராணி பதுளைக்கு நகர்வலம் வந்திருக்கிறாள், இங்கே சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தேனே, அது இந்த நகர்வலம்தான் மகள். ஆஸ்பத்திரி வாட்டில் நின்றுகொண்டுதான் அப்படிச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையோடு இருந்த ஒரு முஸ்லிம் பெண், நப்லா என்று பெயர், நான் போனை வைத்ததும் என்னை அண்ணன் முறை வைத்து, நானா, உங்களுக்கு அழ வராதா என்றாள். அழுகைக்கு டோக்கன் எடுத்திருக்கிறேன், என் நம்பர் இன்னும் வரவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை, ரெங்கம்மாவுக்குச் சாப்பாட்டுப் பார்சலில் பாதியைப் பிரித்துக் கொடுத்தாள்.

டொக்டரம்மா வரும்போதெல்லாம், அம்மா எங்கே என்று கேட்பாள். முதல் நாள், வெளிநாட்டு ராஜாக்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கப் போயிருக்கிறாள் என்றேன். அடுத்த நாளும் கேட்டாள், நானும் வேறு ஏதோ சொன்னேன். பிள்ளை கண்ணை மூடி முழித்து ரெங்கம்மாவின் விரலைப் பிடித்த அன்று டொக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சிங்களம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள், மாமா, பிள்ளை தப்பிட்டா, ஆனா காய்ச்சல் திரும்ப வரும், வரும்போது பக்கத்தில இருக்கிறவங்களுக்கு ஓடுறதுக்குப் பெலன் வேணும், உங்களுக்கு என்ன வயசு என்று. வயதைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், வலது கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. பேச்சும் பேட்டரி இறங்கின ரேடியோ மாதிரி இழுத்து இழுத்து வருகிறது. போனில் நீ, என்ன தனு தூக்கக் கலக்கமா என்று கேட்டாயே, அது தூக்கக் கலக்கம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்கிறார்கள், எல்லாம் திரும்புமா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். முன்பு லயத்தில் உள்ள அத்தனை வீட்டு ஆட்களின் பெயரையும் கோழிகளின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்வாள். இப்போது பாதியில் நிற்கிறாள், நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் எடுத்துக் கொடுத்தால் கோபம் வருகிறது. கோபம் வருவது நல்லது என்று ரெங்கம்மா சொல்கிறாள். விஜயலெட்சுமி சில நாள் எங்கள் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் மழையில் கைப்பிள்ளையோடு வந்து கான் ஓரத்தில் நின்று, என் வாய்க்குக் களி தின்னப் போயித்தானே மாமா இந்தப் புள்ளைக்கு இப்புடி ஆச்சு என்று அழுதாள். ரெங்கம்மா முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்து, நீ சொன்னதாலதாண்டி அவ உசுரோட இருக்கா என்றாள். அது கொஞ்சமும் மிகையில்லாத உண்மை.

மகள், நான் களைத்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ரெங்கம்மாவும் நானும் முறை வைத்துத் தூங்குகிறோம். போன கிழமை அவள் அடுப்பங்கரையில் நின்றபடியே தூங்கி, அகப்பை கையிலிருந்து விழுந்த சத்தத்தில்தான் முழித்தாள். நான் கோவிலில் தீபாராதனைக்கு நின்றுகொண்டே தூங்கிவிட்டேன், பூசாரி விபூதியை நெற்றியில் பூசுவதற்குப் பதிலாக அடித்து எழுப்பினார். என் மூக்கையும் இப்போது நான் நம்புவதில்லை. ஒருநாள் மோந்தால் ஒன்றுமில்லை என்கிறது, மறுநாள் எல்லாமே வெந்தயம் என்கிறது, மழைகூட.

நீ வந்துவிட்டால் டின்னுக்கு என்ன வழி என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். டொக்டரம்மாவிடம் கேட்டேன், இப்போது கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறோம், பிந்தி வருகிற மாதமும் இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னாள். அப்படிப் பிந்தினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இந்த ஒரு விஷயத்தில் உன்னிடம் அளக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். பிள்ளை கானில் விழுந்த அன்றைக்கு, நீ அனுப்பின டின்கள் அலமாரி நிறைய இருந்தன. உன் கையால் பெயர் எழுதின ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. டின்னுக்குக் குறைவில்லாத வாரத்தில்தான் அவள் விழுந்தாள். குறைந்தது எங்கள் தெம்பு. நீ அங்கே ஒவ்வொரு சட்டையாகத் தைத்து இத்தனை நாள் அவளை உயிரோடு வைத்திருக்கிறாய், அதை ஒருவரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. நீ விட்டுவிட்டுப் போனாய் என்று யாராவது சொன்னால் ஆளை எனக்குக் காட்டு, அட்டைப் படையை ஏவி விடுகிறேன்.

சாப்பாட்டை விடாதே. குளிர்காலம் அங்கேயும் வந்துவிட்டதாமே, கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. முத்தையா மகளிடம் ரெங்கம்மா இடிச்ச சம்பல் கொடுத்து அனுப்புகிறாள், கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. கதிர்காமக் கந்தனும் நம் தோட்டத்து மாரியம்மாளும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். நீ நினைத்தது கைகூடட்டும், கூடாவிட்டாலும் உன் மனசு உடையாமல் இருக்கட்டும்.

இவ்வளவு எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது ரெங்கம்மா வந்து, என்னத்த இம்புட்டு நேரமா கிறுக்குறீங்க, புள்ளைய வரச் சொல்லி எழுதுனீங்களா இல்லியா என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். படிங்க பார்ப்போம் என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். முழுக்கப் படித்தேன். கேட்டுவிட்டு, அந்த ஒரு சொல்லு எங்கயும் இல்லையே என்றாள். தேடிப் பார்த்தேன், இல்லைதான். சரி, எழுதுகிறேன்.

வா மகள். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

நாள் தெரிந்ததும் என்னிடம் மட்டும் சொல், பிள்ளையிடம் இப்போதே சொல்லாதே. காத்திருக்கத் தொடங்கினால் அவள் மாவுப் பால் குடிக்க மாட்டாள். பிளேன் ஏறப் போகும்போது சொன்னால் போதும், அந்த ஒரு நாளை நாங்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறோம்.

உன் சித்தப்பா,
கந்தப்பன்